முறை வைத்துப் பார்த்துக்கொண்ட பிள்ளை

க்ளெண்டா ஓட்லிங் என் கடையில் இருபது வருடத்துக்கு மேல் மீன் பொரித்தாள். அவள் ஒரு துண்டு மீனை வாயில் வைத்து நான் பார்த்ததில்லை. கேட்டால், "நாள் பூரா அது மூஞ்சியில முழிக்கிறேன், ராத்திரியும் அதையேவா திங்கணும்?" என்பாள். மீனைப் போலவே பிள்ளைகளையும் அவளுக்குப் பிடிக்காது. பள்ளி விட்டு வரும் கூட்டத்தைப் பார்த்தால், "வினிகர் வேணுமா வேண்டாமா, சீக்கிரம் சொல்லித் தொலை, எனக்கு வயசாகுது" என்று கத்துவாள். இரண்டு முறை கல்யாணம் செய்தவள். முதல் புருஷன் பிங்கோ சூதாட்ட அறையில் எண் வாசிக்கும் பெண்ணோடு போய்விட்டான். இரண்டாமவன் நல்லவன், அதனால் செத்துப்போனான் என்று அவளே சொல்லுவாள். இங்கிலாந்தில் எங்கள் லிங்கன்ஷயர் கடற்கரையில் இப்படிப் பேசுகிறவர்கள் நிறைய பேர். ஆனால் பேசுகிறபடியே நடந்துகொள்கிறவர்கள் குறைவு, அதுவும் அவளை நான் வேலைக்கு வைத்துக்கொண்டதற்கு ஒரு காரணம்.

கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில் குடியிருந்தாள். அவளுக்கு இருந்த ஒரே சந்தோஷம் டார்ட்ஸ், பலகையில் சின்ன அம்பு எறியும் ஆட்டம். த்ரீ ஹெரிங்ஸ் பப்பின் பெண்கள் அணியில் அவளைப் போல அம்பு எறிய ஆள் இல்லை. எண்ணெய் பட்டு வலது கை வெந்து போன வருடம், இடது கையால் எறிந்து ஜெயித்தாள். வியாழக்கிழமை ஆட்டம் என்றால் மாலை நாலு மணிக்கே முடியைக் கழுவி மீன் வாடையைப் போக்கிக்கொண்டு நிற்பாள். அந்த அணியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அணியில் கார்லி என்று ஒருத்தி இருந்தாள். அக்டோபர் மாதம் ஒரு புது ஆளோடு ஸ்பெயினின் டெனரீஃப் தீவுக்குக் கிளம்பினாள். அங்கே குளிர்காலம் முழுக்க வெயில், மது விடுதி நடத்தப் போகிறார்களாம். அவளுக்குப் பதின்மூன்று வயதில் டெமி என்று ஒரு பெண். "கிறிஸ்துமஸுக்குள்ள கூப்பிட்டுக்கறேன்" என்று சொல்லி அந்தப் பெண்ணைத் தோழிகளிடம் விட்டுவிட்டுப் போய்விட்டாள். பாட்டி கிடையாது, சித்தி கிடையாது. இருந்ததெல்லாம் அம்மாவின் டார்ட்ஸ் சிநேகிதிகள்தான். அவர்களைத்தான் அந்தப் பெண் ஆன்ட்டி ஆன்ட்டி என்று கூப்பிட்டு வளர்ந்திருந்தது.

அணித்தலைவி மேக்சீன். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், சட்டம் தெரிந்தவள். பப்பில் எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினாளாம். க்ளெண்டாதான் வந்து அப்படியே பேசிக் காட்டினாள்.

"சொந்தமில்லாத வீட்டுல ஒரு பிள்ளை நாலு வாரம் தங்குச்சுன்னா ஊர் கவுன்சில்ல பிள்ளைங்க நலம் பாக்கறவங்களுக்குச் சொல்லணும். சொன்னா வருவாங்க. பெட்ரூம் எங்க, வீட்டுல யார் யார் இருக்கா, எல்லாம் கேப்பாங்க. நாலு வாரம் ஆகலைன்னா? ஒண்ணும் சொல்ல வேண்டாம். அதனால யார் வீட்டுலயும் நாலு வாரம் ஆக விடக்கூடாது. புரியுதா?"

எல்லோருக்கும் புரிந்தது. ஏனென்றால் கவுன்சில் ஆள் வீட்டுக்குள் வருவது அவர்களில் யாருக்கும் பிடிக்காது. லொரெய்ன், தான் தனியாக இருப்பதாகச் சொல்லி அரசாங்க உதவி வாங்கிக்கொண்டிருந்தாள். அவள் சமையலறையில் அவள் ஆள் கேரியின் பூட்ஸ் வருடக்கணக்கில் கிடந்தது. மேண்டியின் மகன் காலில் போலீஸ் கண்காணிப்புப் பட்டை மாட்டிக்கொண்டு வீட்டில் கிடந்தான். மேக்சீனுக்கு அப்படி ஒரு காரணமும் இல்லை. "கவுன்சில் கார் என் வாசல்ல நின்னா பக்கத்து வீட்டு பாம் என்ன நினைப்பா?" என்றாள். அவ்வளவுதான் காரணம்.

பப் சுவரில் ஆட்டங்களை எழுதும் கரும்பலகை உண்டு. எந்த வியாழன் எந்த ஊர் அணியோடு என்று இடது பக்கம் இருக்கும். வலது பக்கம் காலியாகக் கிடந்ததில் டெமியின் பெயரை எழுதி, கீழே மேக்சீன், லொரெய்ன், மேண்டி என்று மூன்று பெயரையும் போட்டு, யார் வீட்டில் எந்த ஞாயிறு வரை என்று சாக்பீஸால் எழுதிவிட்டார்கள். ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கை மாற்றுவது. பப்காரன் அந்தப் பெயரைச் சுற்றி ஒரு சின்ன இதயம் வேறு வரைந்து வைத்தான். அந்த இதயத்தை நினைத்தால்தான் எனக்கு இன்னும் அதிகமாக ஆத்திரம் வரும்.

க்ளெண்டாவை அவர்கள் கேட்கவே இல்லை. அவள் அறைகளில் கொழுப்பு வாடை அடிக்கும், பிள்ளைகள் என்றாலே ஆகாது என்று அவளே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். கேட்காததில் அவளுக்கும் நிம்மதிதான்.

வெள்ளிக்கிழமைகளில் பப்பில் இறைச்சியைப் பரிசாக வைத்துச் சீட்டுக் குலுக்கல் நடக்கும். நான் பன்றி விலா கிடைக்குமா என்று ஒரு வெள்ளி போயிருந்தேன். சீட்டு எடுக்க டெமியை நாற்காலி மேல் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். மேக்சீன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "நம்ம பிள்ளைய நாமதான் பாத்துக்கணும்! இந்த ஊர்ல யாரையும் கைவிட மாட்டோம்!" என்றாள். குடித்தவன் குடிக்காதவன் எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு கிழவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்தப் பெண் கோழிப் பொட்டலத்துக்குச் சீட்டு எடுத்துவிட்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மேல்கூரையைப் பார்த்தது.

"ஏம்மா மேக்சீன், அவ என்ன லைப்ரரி புத்தகமா, தேதி போட்டுத் திருப்பிக் குடுக்க?" என்றேன்.

பப் முழுக்கச் சிரித்தது. எல்லோரையும்விட மேக்சீன்தான் அதிகம் சிரித்தாள். அவளுக்குக் கோபம் வந்திருந்தால் அவளிடம் கொஞ்சமாவது மனசாட்சி இருக்கிறது என்று நினைத்திருப்பேன்.

அந்தப் பெண் எப்படி இருந்தது என்பது கடைக்கு வரும்போது சொன்ன துண்டு துணுக்குகளில் எங்களுக்குத் தெரியும். லொரெய்ன் வீட்டில் சோபாவில் படுக்கை. கேரியும் அவன் கூட்டாளிகளும் அதே சோபாவில் உட்கார்ந்து கால்பந்து பார்த்து எழுந்து போகும்வரை தூங்க முடியாது. அவர்கள் போன பிறகும் பியரும் கால் நாற்றமும் மெத்தையில் இருக்கும். மேண்டி வீட்டில் சாமான் போட்டு வைக்கும் ஒரு சின்ன அறை, அதில் மகனின் உடற்பயிற்சி இரும்புத் தட்டுகளும் நாயும். மேக்சீன் வீட்டில் நல்ல கட்டில்தான். ஆனால் வெள்ளைக் கம்பளம் அழுக்காகும் என்று, அவள் வேலை முடிந்து வரும்வரை உள்ளே விடமாட்டாள். பிள்ளை கடற்கரைப் பேருந்து நிழற்குடையில் உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒரு தடவை சொறி வந்து மூன்று வீட்டுக்கும் பரவியது. ஒவ்வொருத்தியும் முந்தின வீட்டைத் திட்டினாள். பிள்ளையை ஒருத்தியும் டாக்டரிடம் காட்டவில்லை. டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, இது யார் பொறுப்பு என்பதுதானே.

கிறிஸ்துமஸ் வந்தது, கார்லி கூப்பிட்டுக்கொள்ளவில்லை. ஒரு குளியல் துண்டு அனுப்பினாள், தீவின் படம் போட்டது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, மாலைக் கடை திறந்ததும் டெமி வந்து நின்றது. கம்பளித் துண்டைக் கன்னத்தைச் சுற்றிக் கட்டியிருந்தது.

"மசிச்ச பட்டாணி மட்டும் போதும்."

"சிப்ஸ் வேண்டாமா?" என்றாள் க்ளெண்டா. "உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"மெல்ல முடியல."

க்ளெண்டா கடை நேரத்தில் பொரிக்கும் மேடையை விட்டு இந்தப் பக்கம் வரவே மாட்டாள். அன்று வந்தாள். துண்டை அவிழ்த்தாள். கன்னம் பன் மாதிரி வீங்கி, இடது கண் பாதி மூடிக் கிடந்தது. வாயைத் திறக்கச் சொன்னாள். கொதிக்கும் மாட்டுக் கொழுப்பின் வாடையையும் மீறி அந்தச் சீழ் வாடை என் மூக்குக்கு வந்தது. நெற்றி நெருப்பாகச் சுட்டது.

"எப்போலேர்ந்து இப்படி?"

"ஆன்ட்டி மேக்சீன் வீட்டுல பல் வலிக்க ஆரம்பிச்சுது. அடுத்த வீட்டுக்குப் போய்ச் சொல்லுன்னாங்க. ஆன்ட்டி லொரெய்ன் லவங்க எண்ணெய் குடுத்தாங்க. பல் டாக்டர்கிட்ட போனா, அம்மா எங்கன்னு கேப்பாராம். அதுக்கப்புறம் நான் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா கவுன்சில் வந்து என்னைத் தெரியாத ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுமாம்."

க்ளெண்டா கையெல்லாம் மாவு. என்னை லொரெய்னுக்குப் போனைப் போடச் சொல்லி, ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னாள். வரிசையில் நின்ற எல்லோரும் கேட்டார்கள்.

"மத்தியானச் சாப்பாட்டோட என் முறை முடிஞ்சுடுச்சு க்ளெண்டா," என்றாள் லொரெய்ன். "துணிமணியெல்லாம் கட்டி அனுப்பிட்டேன். மேண்டியக் கேளு."

அடுத்துப் போட்டபோது மேண்டி, "இன்னும் என் வீட்டுக்குள்ள காலே வெக்கல, அதுக்குள்ள எப்படி என் முறை ஆகும்?" என்றாள். "டீ குடிச்ச பிறகுன்னுதானே பேச்சு. இங்க வந்து சீரழிஞ்ச மாதிரி என் தலையில கட்டாதீங்க."

அதாவது மத்தியானச் சாப்பாட்டுக்கும் மாலை டீக்கும் நடுவில் அந்தப் பிள்ளை ஒருத்திக்கும் சொந்தமில்லை. காய்ச்சலுக்கு இது தெரியவில்லை, பாவம், அது விடாமல் அடித்தது.

யாரோ சொல்லி மேக்சீனே காரில் வந்துவிட்டாள். செண்ட் வாசனையோடு உள்ளே நுழைந்து, டெமியின் கன்னத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். பிறகு க்ளெண்டாவைத் தனியாக இழுத்தாள். தனியாக என்றாலும் என் கடையில் தனி இடம் எது?

"ரெண்டு மாத்திரை குடுத்துப் படுக்க வைடி. செவ்வாய்க்கிழமை கார்லி போன் பண்ணுவா, கேட்டுக்கலாம். ஆஸ்பத்திரிக்கு மட்டும் போயிடாத. நீ யாருன்னு கேப்பான். என்ன சொல்லுவ?"

"மீன் பொரிக்கிறவள்னு சொல்லுவேன்."

"விளையாடாத. எல்லாரும் மாட்டிக்குவோம். லொரெய்னோட உதவிப் பணம் போயிடும், மேண்டி வீட்டுல போலீஸ் வந்து நிக்கும். நாங்க இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு செஞ்சிருக்கோம், நீ ஒரு நாள் வெச்சுப் பாத்திருக்கியா?"

"இல்ல. வெச்சுப் பாத்த நீ செஞ்சதத்தான் இப்ப மோந்து பாத்தேன்."

நான் அடுப்பை அணைத்தேன். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். வேறு கடையைப் பாருங்கள் என்று சொல்லிக் கதவை அடைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். மேக்சீன் நடைபாதையில் நின்று, "நெவில், உனக்கு ஏன் இந்த வேலை?" என்று என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். பின் சீட்டில் க்ளெண்டா அந்தப் பெண்ணைத் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னாளா என்றால் இல்லை. "என் கோட்டுல வாந்தி எடுத்துடாத" என்றாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பேர், வயது எல்லாம் கேட்டுவிட்டு, குனிந்து, "உன்னை யாரும்மா பாத்துக்கறாங்க?" என்று கேட்டாள்.

டெமி என்னைப் பார்த்தது, க்ளெண்டாவைப் பார்த்தது. கொஞ்சம் யோசித்தது.

"இன்னிக்கு என்ன கிழமை?" என்றது.

காய்ச்சலில் உளறுகிறது என்று நர்ஸ் நினைத்தாள். உளறல் இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். எனக்கு அந்த ஊரையே, அந்தப் பப்பையே, கைதட்டிய ஒவ்வொருவனையும் பிடித்துக் கடலில் தள்ள வேண்டும் போல இருந்தது. க்ளெண்டா எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நரம்பில் மருந்து ஏற்றினார்கள், பல்லைப் பிடுங்கினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் கண் போயிருக்கும், இல்லை உயிரே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். மறுநாள் காலை வார்டிலேயே க்ளெண்டா கவுன்சில் எண்ணைக் கேட்டு வாங்கினாள். டெமி அவள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது.

"சொல்லாதீங்க க்ளெண்டா. நான் மேண்டி வீட்டுக்கே போறேன். இனிமே வலிக்குதுன்னு சொல்லவே மாட்டேன்."

"அதுக்குத்தான்டி சொல்றேன்," என்றாள் க்ளெண்டா. "வலிச்சா நீ கத்தணும். கத்தினா ஒருத்தி வந்து நிக்கணும். அது யாருன்னு ஊருக்கும் தெரியணும், கவுன்சிலுக்கும் தெரியணும்."

பிறகு போனில் சொன்னாள்: "என் பேரு க்ளெண்டா ஓட்லிங். ஒரு பொண்ணு எங்கிட்ட இருக்கப் போறா. எனக்குச் சொந்தம் கிடையாது. நாலு வாரம் இல்ல, அதுக்கு மேலயும் இருப்பா. சொல்லணுமாமே, சொல்லிட்டேன்." போனை வைத்துவிட்டு என்னிடம் திரும்பி, "எனக்குப் பிள்ளைங்கன்னா ஆகாது. இப்பவும் ஆகாது, ஞாபகம் வெச்சுக்க" என்றாள்.

அந்த வாரமே கவுன்சிலிலிருந்து ஆள் வந்தது. ஊரே நடுங்கிய அந்தப் பூதத்தின் பெயர் ஹேசல். சின்னப் பெண், மழையில் நனைந்த ஷூ. டீ குடித்தாள். படுக்கை எங்கே என்று பார்த்தாள். புகை வந்தால் அலறும் மணி மாடியில் இல்லையே என்றாள், நான் அன்றே வாங்கி மாட்டினேன். டெமியோடு தனியாகப் பேசவேண்டும், நீங்கள் கீழே போங்கள் என்றாள். க்ளெண்டாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது, ஆனாலும் இறங்கி வந்தாள். மேலே என்ன பேசினார்களோ, போகும்போது ஹேசல் சிரித்துக்கொண்டே, "நீங்க ரொம்பக் குறட்டை விடறீங்களாம்" என்றாள். இனி அடிக்கடி வந்து பார்ப்பேன், பிள்ளை இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். இவ்வளவுதான். இதற்குப் பயந்துதான் அக்டோபரிலிருந்து ஒரு குழந்தையை வீடு வீடாக உருட்டினார்கள். ஹேசல் போன பிறகு மீன் வெட்டும் மேஜையைக் காலால் உதைத்தேன். கட்டை விரல் நகம் போனதுதான் மிச்சம்.

அடுத்த தடவை ஹேசல் வந்திருந்தபோது கார்லி க்ளெண்டாவுக்குப் போன் போட்டுக் கத்தினாள். "எம் பிள்ளைய கவுன்சில்காரங்ககிட்ட புடிச்சுக் குடுத்துட்டியாடி?" என்று அழுதாள், சபித்தாள். ஹேசல் அதே போனை வாங்கி, எப்போது வந்து அழைத்துக்கொள்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டதும் அழுகை நின்றது. "சீசன் நடுவுல எப்படி வர முடியும்?" என்றாள். டெமி க்ளெண்டா வீட்டில் இருப்பதற்குச் சம்மதித்தாள்.

ஊர் அவ்வளவு சுலபமாகச் சம்மதிக்கவில்லை. காட்டிக்கொடுத்தவள் என்று க்ளெண்டாவுக்குப் பேர் வைத்தார்கள். அணியிலிருந்து நீக்கினார்கள். இத்தனை வருடம் ஜெயித்துக் கொடுத்தவளிடம் நேரில் சொல்லக்கூட ஒருத்திக்கும் தைரியமில்லை, பலகையில் பெயரை அழித்துவிட்டார்கள். ஒரு காலை கடைக் கதவின் தபால் துவாரம் வழியாக யாரோ மீன் குடலைக் கொட்டியிருந்தார்கள். க்ளெண்டா அதை வாளியில் அள்ளிக்கொண்டே, "நல்லா சுத்தம் பண்ணத் தெரியாத ஆளு, பித்தப்பைய உடைச்சிருக்கான்" என்றாள். என் கடைக்கு வந்துகொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள். அங்கே எண்ணெய் மாற்றுவதே இல்லை. தின்னட்டும், அவர்கள் வயிற்றுக்கு அதுதான் சரி. வியாழக்கிழமை மாலைகளில் க்ளெண்டா பின்கட்டு உருளைக்கிழங்கு அறையின் கதவில் அம்பு எறிந்தாள். டெமி பிடுங்கிக் கொண்டுவந்து கொடுக்கும். "குனியும்போது சொல்லிட்டுக் குனி, முதுகுல எறிஞ்சுடப் போறேன்" என்று திட்டு விழும்.

ஈஸ்டருக்கு முன்னால் ஒரு மாலை மேக்சீன் வந்தாள். அணியின் சட்டை போட்டிருந்தாள், கையில் ஒரு சாக்லேட் பெட்டி. லொரெய்ன் வெளியே காரில் உட்கார்ந்திருந்தாள். டெமி மேடைக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, கணக்குப் பாடத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு, பல் பிடுங்காத பக்கமாக சிப்ஸ் மென்றுகொண்டிருந்தது.

"நடந்தது நடந்துபோச்சு க்ளெண்டா," என்று இழுத்தாள் மேக்சீன். "இன்னிக்கு லீக்ல நமக்குக் கேடயம் குடுக்கறாங்க. ஊருக்கு உதவிய அணின்னு. டெமிய நாம எல்லாம் சேர்ந்து பாத்துக்கிட்டோமே, அதுக்காக. பத்திரிகைக்காரங்க போட்டோ எடுக்க வர்றாங்க. பிள்ளை நடுவுல நின்னா நல்லா இருக்கும். ஒரு மணி நேரம்தான், திருப்பிக் கொண்டாந்து விட்டுடறேன்."

நான் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டேன், எதற்கு வம்பு என்று. க்ளெண்டா கொழுப்பிலிருந்து ஒரு மீனைத் தூக்கி வடியவிட்டாள்.

"எங்கிட்ட ஏன் கேக்கற? அவ அங்கதான் உக்காந்திருக்கா."

மேக்சீன் மேடை மேல் சாய்ந்து, குரலைத் தேனாக்கினாள். "வா கண்ணு. ஆன்ட்டியோட வர்றியா?"

டெமி வாயிலிருந்ததை மென்று விழுங்கியது. அவசரப்படவில்லை. கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி அவளை நேராகப் பார்த்தது.

"இன்னிக்கு உங்க முறை இல்லையே ஆன்ட்டி மேக்சீன்," என்றது.

வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். மேக்சீனின் முகம் கழுத்துவரை சிவந்தது. கதவைப் பார்த்துத் திரும்பினாள். சாக்லேட் பெட்டியையும் எடுத்துக்கொண்டுதான் போனாள்.